மூவர் குழுவில் நாலாவது ஆள்

ஈப்போவில் ஒரு பியானோ மூவர் குழு இருக்கிறது என்று சொன்னால் ஈப்போக்காரர்களே, "எந்த ரோட்டுல, எத்தன மணிக்குத் தொறப்பாங்க?" என்றுதான் கேட்பார்கள். அது சாப்பிடும் பொருள் இல்லை என்று தெரிந்ததும் முகம் வாடிவிடும். பியானோ ஒன்று, வயலின் ஒன்று, வயலினுக்குப் பெரியப்பா மாதிரி செல்லோ ஒன்று. மூன்று பேர் உட்கார்ந்து, எப்போதோ செத்துப்போன வெள்ளைக்காரர்கள் எழுதி வைத்ததை ஒரு புள்ளி பிசகாமல் வாசிப்பார்கள். எதற்கு என்று கேட்காதீர்கள். நானும் கேட்டதில்லை.

அந்த மூவர் குழுவில் நான் நாலாவது ஆள். பியானோவை லோரியில் ஏற்றி இறக்குவதும், வாசிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து தாளைத் திருப்புவதும் என் உத்தியோகம். இரண்டாவது வேலைக்கு இசை படிக்கத் தெரிய வேண்டும். எனக்குத் தெரிந்த இசை, ரொட்டிக்காரன் மோட்டார் சைக்கிளில் அடிக்கும் ஹார்ன்.

படிப்பும் அப்படித்தான். சித்தியவான் பக்கம் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை என் பெயர் இருந்தது. நான் இருந்தேனா என்பது வேறு விஷயம். அந்தக் கித்தாத் தோட்டத்தை, அதாவது ரப்பர் தோட்டத்தை, அழித்துச் செம்பனை ஆக்கினார்கள், பிறகு அதையும் அழித்து வரிசை வீடுகள் ஆக்கினார்கள், எங்களை ஈப்போ ஓரத்துப் புந்தோங்வாசிகள் ஆக்கினார்கள். நான் லோரி ஓட்டினேன். திருவிழா நாற்காலி, பந்தல் கம்பி, வாழைமரம், ஒருமுறை முனியாண்டிக்கு நேர்ந்துவிட்ட ஆடுகள். ஆடுகளை இறக்கிய மறுநாள்தான் டீச்சர் கூப்பிட்டார்.

டீச்சர் யாழ்ப்பாணத்து வம்சம். ஆங்கிலப் பள்ளியில் படிப்பித்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, பியானோவே புருஷன் என்று அவர் சொந்தக்காரர்கள் சொல்வார்கள். அந்தப் புருஷனைத்தான் நான் முதல் நாள் ஐஸ்பெட்டியைச் சாய்க்கிற மாதிரி சாய்த்தேன். டீச்சர் போட்ட கூச்சலில் அடுத்த வீட்டு நாய் குரைப்பதை நிறுத்தியது. அவருக்கு நான் எப்போதும் 'ஐசே', ஆங்கிலத்து 'ஐ ஸே' தமிழுக்கு வந்த கோலம்.

"என்ன ஐசே செய்றீர்! அது என்ன, மரக்கட்டையா?"

"மரந்தானே டீச்சர்."

"வாயை மூடும். ஆட்டுப் புழுக்கை மணக்குது உம்மட லோரி."

லோரியைக் கழுவினேன். பியானோவுக்குக் கம்பளி சுற்றினேன். அதையும் நம்பாமல் டீச்சர் என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டார். அன்றிலிருந்து எங்கே போனாலும் அப்படித்தான். பட்டுச் சேலை, முத்து மாலை, மடியில் இசைப் புத்தகம், காலடியில் என் கிரீஸ் டப்பா. சிவப்பு விளக்கில் நிற்கும்போது பக்கத்துக் காரில் இருப்பவர்கள் எங்களைப் பார்ப்பார்கள். நான் கை காட்டுவேன். டீச்சர் காட்ட மாட்டார்.

வயலின் வாசிப்பவர் பல் டாக்டர். இவரும் நல்ல குடும்பம், ஆனால் தமிழை ஈறில் படாமல் பேசுவார். கண்ணை மூடிக்கொண்டுதான் வாசிப்பார். பல் பிடுங்கும்போதும் அப்படித்தான் என்று ஊரில் பேச்சு. செல்லோ வாசிப்பவர் சீனர், டயர்க் கடைத் தவுக்கே, அதாவது முதலாளி. இவருடைய அப்பா தோட்டத்தில் மளிகைக் கடை வைத்திருந்ததால், மூவரிலும் நல்ல தமிழ் இவருடையதுதான். நல்ல தமிழ் என்றால் கெட்ட வார்த்தையும் சேர்த்து. வெள்ளைச் சட்டை, கழுத்தில் கறுப்புப் பட்டை, நகக்கண்ணில் டயர் மை. டாக்டர் அந்த நகங்களைப் பார்க்கும்போதெல்லாம் தன் மூக்கைத் துடைத்துக்கொள்வார்.

அதுவரை தாளைத் திருப்பிக்கொண்டிருந்த, டீச்சர் பெறாமகள் என்று சொல்லும் அவருடைய அக்கா மகள் ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட, ஒரு நாள் நிகழ்ச்சிக்கு ஆள் இல்லை. டீச்சர் என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார்.

"உமக்கு நோட் வாசிக்கத் தெரியுமோ?"

"சம்மன் வாசிப்பேன் டீச்சர்."

"கை சுத்தமோ?"

"இன்னிக்கி சுத்தம்."

"நான் தலையை ஆட்டுவன். ஆட்டினா எழும்பித் திருப்பும். அவ்வளவுதான். மாட்டுக்கும் விளங்கும்."

மாட்டுக்கு விளங்கியிருக்கும். எனக்கு ஒரு சிக்கல் வந்தது. விருந்து நடுவில் பழைய தலைமையாசிரியை ஒருவர் உள்ளே வந்தார். டீச்சர் மரியாதைக்காகத் தலையை ஆட்டினார். நான் எழுந்து திருப்பினேன். டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி ஆட்டினார், வேண்டாம் என்று. நான் இன்னொன்றும் திருப்பினேன். பியானோ ஒரு ஊரில், மற்ற இரண்டும் வேறு ஊரில். என்ன அதிசயம் என்றால், அந்த மண்டபத்தில் ஒருத்தர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லார் காதிலும் கரண்டிச் சத்தம்.

இவர்கள்தான் எங்கள் ரசிகர்கள். கிளப்பு விருந்து, பள்ளிப் பரிசளிப்பு, கார் கடைத் திறப்பு விழா. 'கிளாசிக்கல்' என்ற சொல் அழைப்பிதழில் இருந்தால் தங்கள் மரியாதை கூடும் என்று நம்புகிறவர்கள். பூச்சாடி வைக்கிற மாதிரி எங்களை ஒரு மூலையில் வைப்பார்கள். பூச்சாடிக்காவது யாராவது தண்ணீர் ஊற்றுவார்கள்.

தலைமையாசிரியை வந்த அந்த விருந்து முடிந்து திரும்பும்போதுதான் டீச்சர் லோரியில் சொன்னார். திட்டுவார் என்று நான் காத்திருந்தேன். அவர் சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு பேசினார்.

"இந்த உருப்படிக்கு நாலு பாகம் ஐசே. நாலையும் ஆக்களுக்கு முன்னால ஒருக்காலும் வாசிச்சு முடிச்சதில்லை."

"ஒரு தடவகூடயா டீச்சர்?"

"எங்கட வீட்டில எத்தனையோ தரம். ஆக்கள் முன்னால இல்லை. ஒண்டில் சாப்பாடு வரும். இல்லாட்டி பட்டம் வாங்கின டத்தோ ஒராள் வருவார்."

"டத்தோவ சாப்பாட்டோடயே அனுப்பச் சொல்லுங்க லா. ரெண்டும் ஒரே தடவையா போயிரும்."

அவர் சிரிக்கவில்லை. "மண்டபம் எடுத்து நாங்களே வாசிக்கலாம். காலி நாற்காலிக்கு வாசிக்க எனக்கு ஏலாது. ஒருக்கா, கடைசி நோட் வரைக்கும், ஆக்கள் இருந்து கேக்கோணும். அதுக்குப் பிறகு இந்தப் பியானோவை நீர் ஆத்தில தள்ளினாலும் சரி."

அவ்வளவுதான் அந்த அம்மாவின் ஆசை. அரை மணி நேரத்துக்கும் கொஞ்சம் கூட. எங்கள் பேரா மாநிலத்துக்காரன் ஒருவனால் சாப்பாட்டுத் தட்டு இல்லாமல் அரை மணி நேரம் உட்கார முடியுமா என்பதுதான் கேள்வி. இந்த ஆசை நிறைவேறாது என்று எனக்கு அன்றே தெரியும். சொல்லவில்லை, லோரியில் இடம் குறைவு.

நெருங்கி வந்தது ஒரு தடவை. கமுந்திங்கில் ஒரு கையுறைத் தொழிற்சாலையின் ஆண்டு விருந்து. யாரும் குறுக்கிடவில்லை. முதல் பாகம் போனது, இரண்டாவது போனது, மூன்றாவதும் பாதி போனது. டீச்சரின் காது மடல் சிவந்துவிட்டது. சந்தோஷம் வந்தால் அப்படித்தான் சிவக்கும். அப்போது மேடையில் அதிர்ஷ்டக் குலுக்கல் தொடங்கினார்கள். எங்கள் வாசிப்பை நிறுத்தச் சொல்லவில்லை; அதன் மேலேயே எண்களைக் கூவினார்கள். டீச்சர் விடவில்லை, வாசித்துக்கொண்டே இருந்தார். ரைஸ் குக்கர் எண்ணைக் கூப்பிட்டார்கள். அது என் சட்டைப் பையில் இருந்த எண்.

ஓடினேன். வேறு என்ன செய்வது? மூன்று தடவை கூப்பிட்டு ஆள் வராவிட்டால் வேறு எண் எடுத்துவிடுவார்கள். நான் குக்கரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு திரும்பி வந்தபோது, டீச்சர் தலையை ஆட்டியும் திருப்ப ஆள் இல்லாமல் வாசிப்பு நின்றுபோயிருந்தது. தவுக்கே செல்லோ மேல் தலையைக் கவிழ்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். டாக்டர் மட்டும் கண்ணை மூடி இன்னும் வாசித்துக்கொண்டிருந்தார்.

"நீர் மனிசனோ?" என்று கேட்டார் டீச்சர்.

"ரெண்டு லிட்டர் டீச்சர்" என்றேன்.

அந்தக் குக்கர் இன்னும் நன்றாக வேலை செய்கிறது.

பிறகு வந்தது அந்தக் கல்யாணம். பெண்ணின் அப்பா பெரிய இருதய மருத்துவர், டீச்சருக்குத் தூரத்து உறவு. லண்டனில் படித்தவர். நாதஸ்வரமும் தவிலும் தலைவலி, நாகரிகம் இல்லை, தன் மகள் கல்யாணத்தில் முழுக்க முழுக்க இந்த மூவர் குழுதான் என்று சொல்லிவிட்டார். நல்ல விஷயம் என்னவென்றால் இவர்கள் வீட்டுக் கல்யாணத்தில் சடங்கு முடிந்த பிறகுதான் சாப்பாடு. அதுவரைக்கும் எவனும் எழுந்து போக முடியாது. டீச்சர் கணக்குப் போட்டார். நான்கு பாகமும் முடிந்துவிடும்.

ஒரே ஒரு இடம்தான் உதைத்தது. ஒத்திகையில் நான்தான் கேட்டேன்.

"தாலி கட்டறப்ப கெட்டிமேளத்துக்கு என்ன செய்வீங்க?"

டாக்டருக்கு விளங்கவில்லை. தவுக்கே விளக்கினார். "தாலி கட்டறப்ப ஒரு கெட்ட சத்தமும் காதுல விழக்கூடாது டாக்டர். தும்மல், அழுக, எதுவும். அதுக்குத்தான் மேளத்தப் போட்டு சாத்துவான். இது தெரியாம நீங்க எப்படி கல்யாணம் பண்ணீங்க?"

"ரிஜிஸ்டர் ஆபீஸ்" என்றார் டாக்டர்.

டீச்சர் வழி கண்டுபிடித்தார். நாலாம் பாகத்தின் கடைசி இரண்டு பக்கமும் ஒரே இடி முழக்கம். குருக்கள் கையைத் தூக்கியதும், எந்த இடத்தில் இருந்தாலும் சரி, மூவரும் அங்கே தாவிவிட வேண்டும். தாலி ஏறியதும் விட்ட இடத்துக்குத் திரும்ப வேண்டும். குருக்களைப் பார்ப்பது என் வேலை. அந்தப் பக்கத்தில் துணி காயப்போடும் கிளிப் ஒன்றை மாட்டி வைத்தேன். கிளிப் பச்சை நிறம், டீச்சருக்குப் பிடிக்கவில்லை.

கல்யாணத்தன்று முதல் பாகம் அமைதியாகப் போனது. சனங்கள் உட்கார்ந்திருந்தார்கள்; கேட்டார்களா என்று கேட்காதீர்கள், உட்கார்ந்திருந்தார்கள். இரண்டாம் பாகம், மெதுவானது. அதன் நடுவில் வயலின் மட்டும் தனியாக ஒரு நீள இழுப்பு இழுக்கும். மற்ற இரண்டும் தூரத்தில் நின்று தொட்டுத்தொட்டு வாசிக்கும். டாக்டர் உயிர் வாழ்வதே அந்த இடத்துக்காகத்தான். சரியாக அந்த இடத்தில் குருக்கள் கையைத் தூக்கினார்.

"கெட்டிமேளம்! கெட்டிமேளம்!"

நான் சரியாகத்தான் திருப்பினேன். கிளிப் சரியாகத்தான் இருந்தது. டீச்சர் கையை ஓங்கினார், தவுக்கே வில்லை ஓங்கினார். டாக்டர் கண்ணை மூடியிருந்தார். அவருக்கு மேளமும் இல்லை, தாலியும் இல்லை, ஈப்போவும் இல்லை. இவர் வராமல் நாம் எப்படித் தொடங்குவது என்று மற்ற இருவரும் ஓங்கிய கையோடு நின்றுவிட்டார்கள். அந்தப் பெரிய மண்டபத்தில், மாப்பிள்ளை முதல் முடிச்சுப் போடும்போது, கேட்டதெல்லாம் கொசு பாடுகிற மாதிரி ஒரு வயலின். மணப்பெண்ணின் வளையல் உரசுவது கேட்டது. ஒரு குழந்தை, "அம்மா, ஒண்ணுக்கு" என்றது கேட்டது.

முன் வரிசையில் மாப்பிள்ளையின் பெரியப்பா மூக்கைப் பிடித்தார். பிடித்தும் பயன் இல்லை. அப்படி ஒரு தும்மலை நான் அதற்கு முன்னாலும் கேட்டதில்லை, பின்னாலும் கேட்டதில்லை. மேலே தொங்கிய காகிதப் பூ ஆடியது.

"ஐயோ, தும்மிட்டார்!" என்று பெண்கள் பக்கம் ஒரே கூச்சல். குருக்கள் வேறு வழி இல்லாமல் வாயாலேயே, "டும் டும் டும் டும்" என்று கத்த ஆரம்பித்தார். ஒரு மாமி வெள்ளித் தட்டைக் குங்குமச் சிமிழால் அடித்தார். எனக்கு என்ன தோன்றியது என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியாது. கை தானாக எழுந்தது. பியானோவின் விலாவில், இரண்டு உள்ளங்கையாலும், தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் பார்த்த தவில்காரன் மாதிரி வெளுத்தேன். உள்ளே இருந்த கம்பி எல்லாம் சேர்ந்து அலறியது. என்னைக் கேட்டால், பியானோவுக்கு அன்றுதான் வாய் திறந்தது. மூன்றாவது முடிச்சுக்குச் சத்தம் போதுமானதாக இருந்தது. திறந்திருந்த பியானோவுக்குள் அட்சதை கொட்டியது.

டாக்டர் அப்போதுதான் கண்ணைத் திறந்து, "வை ஆர் யூ ஹிட்டிங் த பியானோ?" என்று என்னைக் கேட்டார்.

பெண்ணின் அப்பா எங்களிடம் வந்து, லண்டன் குரலில், இனி வாசிக்க வேண்டாம் என்று மட்டும் சொன்னார். அவர் மனைவி லண்டன் போகாதவர்; அவர் தமிழில் சொன்னார். அதை இங்கே எழுத முடியாது.

அதோடு எங்கள் கதை முடிந்தது. ஊரில் அந்தத் தும்மலை எங்கள் தலையில் கட்டிவிட்டார்கள். மாப்பிள்ளைக்குப் பதவி உயர்வு தள்ளிப்போனால் அந்தத் தும்மல். மாமியார் வழுக்கி விழுந்தால் அந்த மூவர் குழு. இத்தனைக்கும் படித்த சனங்கள். வீட்டில் இருதயத்தைக் கிழித்துத் தைக்கிறவர்கள். மூக்கில் நம்பிக்கை வைத்திருக்கிறார்கள். தும்மிய பெரியப்பாவை மட்டும் ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கு நிலம் இருந்தது.

டீச்சர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். பியானோவுக்குள் போன அரிசியை நானே போய் உறிஞ்சி எடுத்தேன், வாக்குவம் வைத்து, அப்போதும் பேசவில்லை. கொஞ்ச நாள் கழித்துத் தவுக்கே எல்லாரையும் தன் டயர்க் கடைக்கு வரவழைத்தார். பழைய டயர்கள் மேல் உட்கார்ந்து, பிளாஸ்டிக் பையில் கயிறு போட்டுக் கட்டிய பொட்டலக் கோப்பி குடித்துக்கொண்டு கூட்டம். டாக்டர் மட்டும் டயர் மேல் கைக்குட்டை விரித்து உட்கார்ந்தார்.

"எனஃப்" என்றார் டாக்டர். "நான் ரிட்டையர். இந்த ஊர் நம்மள டிசர்வ் பண்ணல."

"நீங்க கண்ண தொறந்திருந்தா ஊரு டிசர்வ் பண்ணியிருக்கும் டாக்டர்" என்றார் தவுக்கே.

"என்ட சோலோவ வெட்டச் சொல்றதா?"

"தாலி கட்டறான் லா அங்க! உங்க சோலோ என்ன, தாலிய விட ஒசத்தியா?"

"யெஸ்" என்றார் டாக்டர். அதில் எனக்கு அவர் மேல் கொஞ்சம் மரியாதை வந்தது. ரொம்ப நேரம் நிற்கவில்லை.

டீச்சர் கோப்பிப் பொட்டலத்தின் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டு இருந்தார். கைவிரல் கணுக்கள் தடித்துப்போயிருந்ததை நான் அன்றுதான் கவனித்தேன். அடுத்த வருடம் வாசிக்க முடியுமா என்பது அவருக்கே தெரியாது என்று தவுக்கே முன்பே என்னிடம் சொல்லியிருந்தார். "ஒருக்காத்தான் கேட்டனான்" என்றார், யாரிடமும் இல்லை. "எழும்பிப் போகாத ஆக்கள். வேற ஒண்டும் கேக்கேல்ல."

சீரியஸான இடத்தில் சும்மா இருக்க எனக்குத் தெரியாது. வாய் திறந்தால்தான் எனக்கு மூச்சு.

"எழுந்து போகாத ஆளு வேணும்னா எங்க அக்கா போற டயாலிசிஸ் சென்டர்லதான் வாசிக்கணும் டீச்சர். நாலு மணி நேரம், கையில ஊசி, மிஷினோட கட்டிப் போட்டிருப்பாங்க. டத்தோ வந்தாலும் எழுந்திருக்க முடியாது."

தவுக்கே சிரித்தார். டாக்டர், டிஸ்கஸ்டிங் என்றார். டீச்சர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார், கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாக.

"சாப்பாடு குடுப்பினமோ அங்க?"

"பிஸ்கட் குடுப்பாங்க. பிரஷர் எறங்கினா."

"எத்தினை பேர்?"

"டீச்சர், நான் சும்மா பேச்சுக்கு..."

"உம்மட அக்காவை எந்த நாளில மிஷின்ல ஏத்துவினம்?"

இப்படித்தான் என் வாயால் நாங்கள் அங்கே போனோம். கீழ்த்தளக் கடைவீடு, குளிரூட்டி, இரண்டு பக்கமும் சாய்வு நாற்காலிகள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு இயந்திரம். அங்கே பொறுப்பில் இருந்த நர்ஸ், நாங்கள் மிஸ்ஸி என்போம், சரி என்று சொன்னதற்குக் காரணம் கலை இல்லை; டிவி பழுதாகி ஒரு வாரம் ஆகியிருந்தது. பியானோவைப் படுக்கை தள்ளும் வழியாக உள்ளே கொண்டுபோனேன். மிஸ்ஸி அதை முழுக்க ஸ்பிரிட் போட்டுத் துடைத்தார். டீச்சர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். எல்லாருக்கும் முகக்கவசம். செல்லோவின் அடியில் இரும்புக் கூர் ஒன்று இருக்கும். அது வழுக்கி ஏதாவது குழாயில் குத்திவிடுமோ என்று மிஸ்ஸி பயந்து, தன் ரப்பர் செருப்பில் ஒன்றைக் கழற்றி அதன் கீழே வைத்தார்.

ஒவ்வொருவர் கையிலிருந்தும் சிவப்பாகக் குழாய் போய் இயந்திரத்துக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. டாக்டர் அதைப் பார்த்து வெளுத்துப்போனார். பல்லில் ரத்தம் பார்க்கிறவர், கையில் பார்க்க முடியவில்லை.

என் அக்கா வாசல் ஓர நாற்காலியில். "என்னடா, கூத்தா?" என்றார்.

"கிளாசிக்கல் கா."

"பழைய பாட்டெல்லாம் வாசிப்பாங்களா?"

"ரொம்பப் பழசு."

எதிர் வரிசையில் இருந்த பஸ் டிரைவர் அண்ணன் கவசத்துக்கு மேலே கண்ணைச் சுருக்கி டாக்டரைப் பார்த்தார். "டேய், இவருதான் என் நல்ல பல்ல புடுங்கினவரு!" என்றார். "ஓடாதீங்க டாக்டர், என்னால எழுந்து வர முடியாது, ஒண்ணும் செய்ய மாட்டேன்."

அறை முழுக்கச் சிரித்தது. டாக்டர் உடனே கண்ணை மூடிக்கொண்டார். டீச்சர் தலையை ஆட்டினார். இந்தத் தடவை தொடங்குவதற்கு.

முதல் பாகம். ஒரு ஆள் குறட்டை விட்டார். ஒரு சீனப் பாட்டி, 'சத்தம் அதிகம்' என்று மலாயில் மிஸ்ஸியிடம் புகார் சொன்னார். மிஸ்ஸி எங்களைக் குறைக்கச் சொல்லாமல், அவர் காதில் பஞ்சு வைத்தார். ஆனாலும் யாரும் எழவில்லை. எப்படி எழுவார்கள்? இரண்டாம் பாகத்தில் டாக்டரின் இழுப்பு நடக்கும்போது ஒரு இயந்திரம் பீப், பீப் என்று கத்தியது. மிஸ்ஸி ஒரு கால் செருப்போடு பியானோவுக்கும் வயலினுக்கும் நடுவில் புகுந்து போனார். டாக்டர் கண்ணைத் திறக்கவில்லை. அன்று அவர் கண்ணைத் திறக்காததற்கு யாரும் அவரைத் திட்டவில்லை.

மூன்றாம் பாகம். என் எண் எதையும் யாரும் கூப்பிடவில்லை. நான் நாற்காலி நுனியில் உட்கார்ந்து டீச்சர் தலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நெற்றியில் வேர்வை. தடித்த கணுக்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாக வலிக்கிற மாதிரி எழுந்து விழுந்தன. சில இடத்தில் தப்பாக விழுந்திருக்கும். தவுக்கேயின் புருவம் ஏறுவதை வைத்துச் சொல்கிறேன், எனக்குத் தெரியாது.

நாலாம் பாகம். பச்சை கிளிப்பை எடுத்துவிட்டிருந்தோம். கடைசி இரண்டு பக்கத்துக்கு டீச்சர் தலையை ஆட்டினார், திருப்பினேன். பிறகு ஆட்டினார், திருப்பினேன். அதற்கு அப்பால் வெறும் அட்டை. அந்த அட்டையை நான் அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை. கட்டிடம் அதிர ஒரே அடி அடித்து மூவரும் நிறுத்தினார்கள்.

சத்தம் இல்லை. இயந்திரங்கள் மட்டும் சுற்றின.

டீச்சர் கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். நான் மனதுக்குள் இந்தச் சனங்களை எல்லாம் திட்டினேன். ஒரு கைதட்டுக்கு என்ன கேடு? அப்புறம்தான் மண்டையில் ஏறியது: ஒரு கையில் ஊசி, அதை அசைக்கவே கூடாது. இன்னொரு கையை வைத்துக்கொண்டு எதில் தட்டுவது? ஈப்போவிலேயே எழுந்து போக முடியாத ஒரே கூட்டத்தைத் தேடிப் பிடித்தேன்; அது கைதட்டவும் முடியாத கூட்டம். இதுதான் என் மூளை.

பஸ் டிரைவர் அண்ணன் மற்றக் கையால் நாற்காலிப் பிடியில் இரண்டு தட்டுத் தட்டினார். இன்னும் இரண்டு மூன்று பேர் தட்டினார்கள், ஆளுக்கு ஒரு தாளத்தில், கதவைத் தட்டுகிற மாதிரி. பஞ்சு வைத்த பாட்டி தட்டவில்லை.

என் அக்கா கழுத்தை நீட்டிப் பார்த்தார். "முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சது கா."

"எனக்கு இன்னும் ரெண்டு மணி நேரம் ஓடும்டா. அதுக்குள்ள எங்க போறாங்க? இன்னொண்ணு வாசிக்கச் சொல்லு லா."

டீச்சர் என் பக்கம் திரும்பினார். காது மடல் சிவந்திருந்தது. "மற்றப் புத்தகத்தை எடும் ஐசே."

"எந்தப் புத்தகம் டீச்சர்?"

அவர் மடியைப் பார்த்தார், பெஞ்சைப் பார்த்தார், தவுக்கேயைப் பார்த்தார். வேறு புத்தகம் கொண்டு வரவில்லை. எதற்குக் கொண்டு வருவார்கள்? இத்தனை வருடத்தில் ஒன்றையே முடித்ததில்லை. இன்னொன்று கேட்பார்கள் என்று யார் நினைத்தது?

"என் கிளினிக்..." என்று டாக்டர் எழுந்தார்.

"உட்காருங்க டாக்டர்" என்றார் தவுக்கே. "இங்க ஒருத்தரும் எழுந்து போகக் கூடாது."

டீச்சர் விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டுக்கொண்டு, "முதல் பக்கத்துக்குத் திருப்பும்" என்றார்.

திருப்பினேன். மறுபடி தொடங்கினார்கள். கொஞ்ச நேரம் கழித்து அக்கா என்னைச் சைகையால் கூப்பிட்டார். டீச்சர் தலை ஆட்டுவதற்குள் திரும்பிவிடலாம் என்று குனிந்து போனேன்.

"இது மொதல்ல வாசிச்சதுதானே?"

"அதேதான் கா. வேற இல்ல."

"பரவால்ல" என்றார் அக்கா. "மொதத் தடவ நான் தூங்கிட்டேன்."